திருநாவலூர் இளவரசனும் கொம்பு வில்லும்

திருநாவலூர் என்றதும் சைவ அன்பர்களுக்குச் சுந்தரர் நினைவுக்கு வருவார். வரலாறு பயில்வோருக்கு இன்னொருவரும் நினைவுக்கு வரவேண்டும். அவன் முதற்பராந்தக சோழனின் மகனும் பட்டத்து இளவரசனுமான இராசாதித்தன். கெடிலக் கரையிலுள்ள இவ்வூர் முன்பு தென்னார்க்காட்டிலும் பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது. 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் இதற்கு வழங்கிய பெயர் இராசாதித்தபுரம். வடக்கிலிருந்து இராட்டிரகூடர் படை எந்நேரமும் இறங்கலாம் என்ற நிலையில், திருமுனைப்பாடி நாட்டைக் காக்க இளவரசன் பெரும்படையுடன் இங்கே தங்கியிருந்தான். ஊர்க் கோயிலைக் கற்றளியாக்கியவனும் அவனே. அவனுடைய படையில் மலைநாட்டு வீரர் பலர் இருந்தனர் என்பதை அவர்கள் இவ்வூரில் அளித்த விளக்குக் கொடைகள் காட்டுகின்றன. அவர்களுள் ஒருவனான வெள்ளங்குமரன் என்னும் படைத்தலைவன், வடக்கே பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்ற ஊரில் கி.பி. 943இல் ஒரு கற்றளி எடுத்தான்.

ஆறாண்டுகள் கழித்து, கி.பி. 949இல், தக்கோலப் போர் நடந்தது. இராசாதித்தன் யானை மீதிருந்தபடியே மாண்டான். "ஆனைமேல் துஞ்சிய தேவர்" என்று பிற்காலத்தார் அவனைக் குறித்தது அதனால்தான். ஆனால் அவன் எப்படி மாண்டான் என்பதில் இரு சாட்சிகள் இரு வேறு விதமாகப் பேசுகின்றன. லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள், பகைவரின் கூரிய அம்புகள் நெஞ்சைப் பிளந்ததால் அவன் விண்ணுலகு சென்றான் என்கின்றன. கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டோ, இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுடைய துணைவனான கங்க மன்னன் பூதுகன், யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொண்டு அவனைக் குத்திக் கொன்றான் என்கிறது. ஒன்று தொலைவிலிருந்து வந்த சாவு. மற்றொன்று கைக்கெட்டும் தூரத்தில் நேர்ந்த சாவு. தோற்ற சோழர் தம் இளவரசன் அம்பால் மாண்டான் என்று எழுதினர். வென்ற கங்கர் தம் மன்னன் பகைவனின் யானை மேலேயே ஏறினான் என்று எழுதினர். எத்தரப்புக்கு எது பெருமையோ அதையே அத்தரப்பு பொறித்து வைத்தது என்று நமக்குத் தோன்றுகிறது. இளவரசனோடு சேர்ந்து சாகக் கிடைக்கவில்லையே என்று மனம் வெறுத்த மலைநாட்டு நண்பன் ஒருவன், சதுரானன பண்டிதர் என்ற பெயரில் துறவியாகித் திருவொற்றியூரில் மடம் ஏற்றான் என்பதும் கல்வெட்டுச் செய்தியே. அவனுக்கு அம்பா, கட்டாரியா என்பது ஒரு பொருட்டாக இருந்திராது.

இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஆதகூர்க் கல்லில் இன்னொரு செய்தியும் உண்டு. அப்போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனை நோக்கி, வேண்டியதைக் கேள் என்றானாம் பூதுகன். அவன் பொன்னைக் கேட்கவில்லை; காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக் கொண்டான். பிறகு ஒரு பெரிய காட்டுப் பன்றி மீது அந்நாய் ஏவப்பட்டது. நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று வீழ்ந்தன. அந்த நாய்க்காக நட்ட கல்லில்தான் சோழ இளவரசனின் சாவும் எழுதப்பட்டிருக்கிறது. போரும் வேட்டையும் அக்காலத்தார் மனத்தில் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. போருக்கும் வேட்டைக்கும் பொதுவாக இருந்த அந்த வில் எத்தகையது? அதை யார், எவருக்காக, எப்படிச் செய்தார்கள்?

நம் நாட்டு வில் பெரும்பாலும் மூங்கில் வில். அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் கண்டு சொன்னதை ஆரியன் என்ற கிரேக்க நூலாசிரியர் எழுதி வைத்தார்: இந்திய வில் ஆள் உயரம் இருக்கும், ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்திக் கொண்டு நாணை இழுப்பார்கள், அம்பு மூன்று முழ நீளம். வடமேற்கில் அவர் கண்டது அது. நம் பக்கத்தில் செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தால் ஒரு கையில் வில்லும் மறுகையில் குறுவாளுமாக வீரர்கள் நிற்கிறார்கள். சிலருடைய உடலில் தைத்த அம்புகளையும் சிற்பி விடாமல் செதுக்கியிருக்கிறான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் "தெரிந்த வில்லிகள்" என்ற படைப்பிரிவு வருகிறது. தெரிந்த என்றால் தேர்ந்தெடுத்த என்பது பொருள். இவற்றுக்கெல்லாம் முன்பு, திருநாவலூருக்கு வடமேற்கேயுள்ள திருக்கோவலூரை ஆண்ட மலையமான் காரி, கொல்லிமலை வல்வில் ஓரியைப் போரில் கொன்றான். ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தது என்று வன்பரணர் பாடியிருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். புலவர் வாக்கை அளவுகோல் கொண்டு அளக்கலாகாது. ஆயினும் வேட்டை வில்லுக்கு அவர் எதைச் சிறப்பாகக் கருதினார் என்பதைக் கவனிக்க வேண்டும்: அம்பு எவ்வளவு தூரம் போயிற்று என்று அவர் சொல்லவில்லை, எவ்வளவு ஆழம் துளைத்தது என்றே சொன்னார்.

மூங்கில் வில்லைச் செய்வது எளிது. கல்வராயன் மலைபோல் மூங்கில் விளையும் இடத்தில் முற்றிய கழி ஒன்றும், ஒரு நல்ல கத்தியும், சில நாள் பொறுமையும் இருந்தால் போதும். ஒடிந்தால் இன்னொன்று செய்து கொள்ளலாம். ஆனால் உலகில் வேறொரு வில்லும் இருந்தது. அதை நினைத்த மாத்திரத்தில் செய்ய முடியாது. சந்தையில் வாங்கவும் முடியாது. அளவு கொடுத்துச் சொல்லிச் செய்ய வேண்டும்.

நாண் கழற்றிய நிலையில் அந்த வில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வளைந்து, பிறைபோல் சுருண்டு கிடக்கும். நாண் ஏற்றும்போது அதை முற்றிலும் மறுபுறம் மடக்க வேண்டும். அதனாலேயே கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான சிறு வில்லில் ஆள் உயர மூங்கில் வில்லுக்கும் மேலான விசை ஒடுங்கியிருந்தது. குதிரை மேலிருந்து எய்பவனுக்கு நீண்ட வில் இடைஞ்சல். மத்திய ஆசியப் புல்வெளியில் பிறந்து, பாரசீகர், அரபியர், துருக்கியர் கைகளில் முதிர்ந்த வில் அது. நம் நாட்டார் அதை அறியாதவர் அல்லர். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் பனை, மூங்கில், மரம், கொம்பு என்று வில்லுக்கான பொருள்களை வகைப்படுத்துகிறது. சார்ங்கம் என்ற பெயரே கொம்பால் ஆனது என்று பொருள்படுவது. குடந்தைச் சார்ங்கபாணி கோயிலின் பெயரில் ஒரு கொம்பு வில் ஒளிந்திருக்கிறது.

துருக்கிய வினைஞர் அதைச் செய்த விதத்தைச் சற்று விரித்துச் சொல்வது தகும். நடுவில் மேப்பிள் மரத்தின் மெல்லிய சட்டம். எய்பவனை நோக்கிய வயிற்றுப் பக்கத்தில் எருமைக் கொம்பைச் சீவி ஒட்டுவார்கள். கொம்பு நசுங்குவதைத் தாங்கும். எதிர்ப்புறமான முதுகில் மாட்டுக் காலின் தசைநாரை அடித்து, இழை இழையாகப் பிரித்து, பசையில் தோய்த்துப் படிய வைப்பார்கள். நார் இழுபடுவதைத் தாங்கும். பசை என்பது நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வது போன்றதுதான். தோல், நார் இவற்றைக் காய்ச்சி எடுப்பது. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசைக்கு மதிப்பு மிகுதி. ஒவ்வொரு படலமும் காய வேண்டும். அவசரப்பட்டால் கொம்பு மரத்தை விட்டுப் பிரிந்துவிடும். ஆகவே ஒரு வில் முடிய ஓராண்டும் ஆகும். அதற்கு மேலும் ஆகும். மேலே தோல் அல்லது மரப்பட்டை போர்த்தி, வண்ணமும் பொன்னும் தீட்டிக் கொடுப்பார்கள்.

இத்தனை பாடுபட்டுச் செய்வதை யாருக்கோ என்று செய்து வைக்க முடியுமா? வேண்டுபவன் தன் கை வலுவையும், கை நீளத்தையும், எய்யும் அம்பின் நீளத்தையும், பிடியின் பருமனையும் சொல்ல வேண்டும். முழு இழுப்பில் நாண் எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்பதே வில்லின் வலு. அக்காலத்து நூல்கள் அதை ராத்தலில் கணக்கிட்டன. 14ஆம் நூற்றாண்டில் மம்லூக் ஆட்சியில் வாழ்ந்த தைபுகா அரபியில் எழுதிய வில்வித்தை நூல் இத்துறையில் புகழ் பெற்றது. தன் வலுவை மிஞ்சிய வில்லை எடுப்பது மடமை, வில் எய்பவனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பது இவ்வகை நூல்கள் வற்புறுத்தும் பாடம். இந்த வில்லைக் கட்டைவிரலால் இழுப்பார்கள். விரலைக் காக்க எலும்பாலோ கல்லாலோ செய்த மோதிரம் உண்டு. அதுவும் விரல் அளவுக்கே செய்யப்பட வேண்டும். ஏகலைவன் கதையில் ஆசிரியர் கட்டைவிரலைக் கேட்டது ஏன் என்பது இதைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு எளிதில் விளங்கும்.

இஸ்தான்பூலில் ஓக்மெய்தான் என்ற பெருவெளி வில்லாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 900 கெஸ், அதாவது ஏறத்தாழ 594 மீட்டர், அம்பைச் செலுத்தியவனே அங்கே தேர்ந்த வில்லாளியாக ஏற்கப்பட்டான். நெடுந்தூரம் எய்தவர் நினைவாக நட்ட கற்களுள் சில இன்னும் நிற்கின்றன.

ஆனால் தூரம் போகும் வில் வேறு, வேட்டைக்கான வில் வேறு. இவ்விடத்தில் நம் வீடுகளில் எல்லாரும் அறிய வேண்டிய ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. வள்ளல் ஹாத்திம் தாயின் மகனார் அதிய்யு (ரலி) அவர்கள், வேட்டை நாயைப் பற்றியும் அம்பைப் பற்றியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டுத் தெளிந்த செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. பயிற்றிய நாயை இறைவன் பெயர் சொல்லி ஏவி, அது தான் தின்னாமல் பிடித்துத் தந்தால் உண்ணலாம். எறிகோல் தன் கூர்முனையால் துளைத்தால் உண்ணலாம். குறுக்காகப் பட்டு அடியால் செத்திருந்தால் உண்ணலாகாது. அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால், கொன்றது நீரா அம்பா என்பது தெரியாதாகையால் அதையும் விட்டுவிட வேண்டும். ஆதகூர்க் கல்லைப் படித்தபோது நமக்கு இந்த ஹதீஸே முதலில் நினைவுக்கு வந்தது: எதனால் உயிர் போயிற்று என்ற கேள்வி அரச குலத்துக்கு ஒரு பெருமைப் பிரச்சினை, வேட்டைக்காரனுக்கோ அது ஹலால், ஹராம் பிரச்சினை.

வேட்டை வில்லைச் சொல்லிச் செய்பவன் வலுவையும் அளவையும் ஏன் அத்தனை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகும். வில் மெலிந்ததானால் அம்பு துளைக்காது. பிராணி காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும். வில் கைக்கு மிஞ்சியதானால் கை நடுங்கும். அம்பு படக் கூடாத இடத்தில் படும். இரண்டும் ஒன்றே: ஓர் உயிர் வீணாக வதைபடும். அமெரிக்காவில் இன்று மான் வேட்டைக்கு அனுமதி தரும் பல மாநிலங்கள் வில்லின் இழுவலு ஏறத்தாழ 40 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்று சட்டமே வைத்திருப்பதும் இக்காரணத்தால்தான்.

இத்தகைய வில் நம் சீமையில் ஏன் வேரூன்றவில்லை? ஈரம்தான் காரணம். கொம்பும் நாரும் பசையை நம்பி நிற்பவை. பசையோ காற்றில் ஈரம் ஏறினால் இளகும். இல்துத்மிஷ் காலத்தில் வாழ்ந்த ஃபக்ரே முதப்பிர், போர்முறை பற்றிய தம் பாரசீக நூலில் பல நாட்டு வில்களை ஒப்பிடுகையில், இந்திய வில்லின் அம்பு தொலைவு போகாது, ஆனால் அருகில் பட்டால் கொடிய காயம் செய்யும் என்கிறார். குதிரை வீரர் கண்ணுக்கு அது குறையாகத் தெரிந்திருக்கலாம். புதரும் மரமும் அடர்ந்த மலைச்சரிவில் முப்பது அடிக்கு அப்பால் பார்வையே எட்டாதபோது, அருகில் ஆழமாகத் துளைப்பதைத் தவிர வேட்டைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? மழையில் நனைந்தாலும் அதற்குக் கேடில்லை. முகலாயர் காலத்தில் வடக்கே எஃகால் வில் செய்து ஆயுதச் சாலைகளில் அடுக்கி வைத்ததற்கும் இந்த ஈரத்தின் தொல்லை ஒரு காரணம். எஃகு வில்லில் கொம்பு வில்லின் துள்ளல் இல்லை. ஆனால் எத்தனை மழைக்காலம் கிடந்தாலும் பிரிந்து போகாது.

துப்பாக்கி வந்த பின் வில் செய்தவர்கள் என்ன ஆனார்கள்? கட்ச் நாட்டில் கமான்கர் என்றொரு முஸ்லிம் சமூகம் உண்டு. கமான் என்றால் வில். கமான்கர் வில் செய்பவர். வில் கேட்பார் இல்லாமற் போகவே, வில்லின் முதுகில் பூவும் கொடியும் தீட்டிப் பழகிய கை சுவரில் தீட்டத் தொடங்கியது. பூஜ் நகரத்து மாளிகைச் சுவர்களில் யானை, குதிரை, கப்பல் எனத் தீட்டப்பட்ட அந்த ஓவியத்துக்குக் கமான்காரி என்றே பெயர். வில் போயிற்று, தொழிற்பெயர் மட்டும் சுவரேறி நிற்கிறது.

துருக்கியில் மரபு வில்வித்தை மறுபடி உயிர்பெற்று, 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. கொரியாவில் கொம்பு வில் விடாமல் செய்யப்பட்டு வருகிறது. அதற்கான எருமைக் கொம்பு வெளிநாடுகளிலிருந்து போகிறது. இன்று திருநாவலூரிலிருந்து ஒருவர் அவ்வினைஞருக்கு எழுதினாலும், கை நீளம் என்ன, எத்தனை பவுண்டு இழுப்பீர், எதற்காக என்ற பழைய கேள்விகளே வரும். மூன்றாவதற்கு வேட்டை என்று விடை எழுத வழியில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. கல்வராயன் காட்டு மான் இனி எவர் வில்லுக்கும் இலக்கு ஆகாது, அது நல்லதே. வைக்கோல் இலக்கில் எய்யலாம்.

மழைக்காலத்தில் கொரியர்கள் வில்லைக் கதகதப்பான பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாணைக் கழற்றி, துணியில் சுற்றி, புளியும் விதைநெல்லும் வைக்கும் அடுப்பங்கரைப் பரணில் ஏற்றிவிட வேண்டியதுதான்.