பள்ளித் தலைமையின் நிதி மேலாண்மை: மாணவர் கற்றலுடன் அதற்குள்ள தொடர்பு என்ன?

கொல்கத்தா: தென் கொல்கத்தாவில் ரவீந்திர சரோவர் ஏரிக்கு அருகிலுள்ள லேக் கார்டன்ஸ் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் வசிக்கும் பெற்றோர், அரசு உதவி பெறும் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் இடையே தேர்வு செய்ய வேண்டியுள்ளது. முன்னதற்கு அரசு மானியமும் பின்னதற்கு மாணவர் கட்டணமும் ஆதாரம். பணம் வரும் வழி வேறானாலும், அதை எதற்கு, எப்போது செலவிடுவது என்ற கேள்வி இரண்டிலும் பள்ளித் தலைமையின் முன் நிற்கிறது.

நீதிமன்றம் வரை சென்ற கட்டணக் கணக்கு

கொரோனா காலத்தில் இக்கேள்வி கொல்கத்தாவில் வெளிப்படையாக எழுந்தது. பெற்றோர் தொடுத்த வழக்கில், 145 தனியார் பள்ளிகள் கட்டணத்தைக் குறைந்தது 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2020 அக்டோபர் 13 அன்று உத்தரவிட்டது. மாணவர்கள் பயன்படுத்தாத வசதிகளுக்குக் கட்டணம் பெறக் கூடாது என்றும், 2020-21 நிதியாண்டில் செலவை விஞ்சிய வருவாய் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் கூறியது. ஊதியம், பராமரிப்பு, பிற செலவுகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு வைத்திராத பள்ளிக்கு இத்தகைய வரம்புக்குள் இயங்குவது கடினம்.

அரசு மானியம் எவ்வளவு?

மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில், மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வழங்கப்படுகிறது. 101 முதல் 250 மாணவர் வரை ரூ.50,000, 251 முதல் 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1 லட்சம் என்பது அளவு. இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிகளுக்குச் செலவிடப்பட வேண்டும்.

இத்தொகை உரிய காலத்தில் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் இணையாததால் மேற்கு வங்கம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களுக்கான சமக்ர சிக்ஷா நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்தது சர்ச்சையானது. நிதி தாமதமாகும்போது எந்தச் செலவை ஒத்திவைப்பது, எதை ஒத்திவைக்க இயலாது என்று முடிவெடுப்பதும் தலைமையாசிரியரின் திறனைச் சார்ந்தது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இந்தியா உள்ளிட்ட 8 நாடுகளில் 1,800-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து நிக்கோலஸ் புளூம் உள்ளிட்டோர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, மேலாண்மைத் தரம் உயர்ந்த பள்ளிகளில் மாணவர் தேர்ச்சியும் உயர்ந்திருப்பதைக் கண்டது. எனினும் அது நிதித் திறனை மட்டும் தனியே அளவிடவில்லை.

பணம் மட்டும் போதாது என்பதை ஆந்திரப் பிரதேசத்தில் நடந்த ஆய்வு காட்டியது. 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி, எதிர்பாராத மானியம் கிடைத்த முதல் ஆண்டில் மதிப்பெண்கள் உயர்ந்தன. இரண்டாம் ஆண்டில் மானியம் வரும் என்று அறிந்த பெற்றோர், பிள்ளைகளின் கல்விக்கான தங்கள் செலவைக் குறைத்துக்கொண்டதால் பலன் மறைந்தது. குடும்பங்களே வாங்கக்கூடிய எழுதுபொருள்களைவிட, அவை வாங்க இயலாதவற்றுக்கு மானியத்தைச் செலவிடுவது கூடுதல் பயன் தரக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

திட்டத்தை எழுதி வைப்பதும் போதாது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளி மேம்பாட்டுத் திட்டங்கள் தயாரிக்கப்பட்டும் கற்றலில் மாற்றம் ஏற்படவில்லை என்று கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங் ஆகியோரின் ஆய்வு தெரிவித்தது.

பெற்றோருக்கு உள்ள உரிமை

கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 21-வது பிரிவின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். அரசுப் பள்ளிகளில் மானியம் எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதைக் கண்காணிப்பது இக்குழுவின் சட்டப்பூர்வப் பணி. தேசிய கல்விக் கொள்கை 2020, பள்ளி முதல்வர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தலைமைத்துவம், மேலாண்மை உள்ளிட்டவற்றில் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. நிதியாண்டின் தொடக்கத்திலேயே செலவுத் திட்டத்தைக் குழுவின் முன் வைத்தால், மார்ச் மாத இறுதியில் அவசரமாகச் செலவிடும் நிலையைத் தவிர்க்க முடியும்.