ஒரே விதை, வேறு மலை

நம் சபையில் சில வீடுகளில் காப்பி என்பார்கள், சில வீடுகளில் கோப்பி என்பார்கள். பெயர் எதுவானாலும், காப்பிச் செடி நிற்கும் இடம் மாறினால் அதன் குணமும் மாறும். இதற்கு நல்ல சாட்சி 'கெய்ஷா' என்ற வகை. இளையோரே, பெயரைக் கேட்டு ஜப்பானுக்குப் போய்விட வேண்டாம். எத்தியோப்பியாவின் தென்மேற்கில் உள்ள கெஷா என்ற பகுதியின் பெயர்தான் எழுத்து மாறி இப்படி ஆயிற்று.

1930-களில் எத்தியோப்பியக் காடுகளில் சேகரிக்கப்பட்ட இதன் விதை, டான்சானியாவின் லியாமுங்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1953-இல் கோஸ்டாரிக்காவின் துரியால்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதை மதித்தது சுவைக்காக அல்ல, இலைத்துரு நோயைத் தாங்கும் என்பதற்காக. அந்த நோய் நம் முன்னோரின் கதையிலும் உண்டு. 1869-இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு, அங்கிருந்த காப்பித் தோட்டங்களைச் சில பத்தாண்டுகளில் அழித்தது. தென்னிந்தியாவிலிருந்து மலையகம் போன தமிழர்கள் முதலில் பறித்தது காப்பிப் பழத்தைத்தான்; தேயிலைக் கொழுந்து பிறகு வந்தது.

1960-களில் கெய்ஷா பனாமாவுக்கு வந்தது. விவசாயிகளுக்கு அது பிடிக்கவில்லை. கிளைகள் எளிதில் முறிந்தன, விளைச்சலும் குறைவு. தாழ்வான நிலங்களில் விளைந்த கொட்டையின் சுவையோ சப்பென்று இருந்தது. ஆகவே மற்ற வகைகளோடு கலந்தே விற்றார்கள். ஏறக்குறைய 40 வருடம் யாரும் அதைத் தனியாகச் சுவைத்துப் பார்க்கவில்லை என்றே சொல்லலாம்.

பொக்கேத்தே என்ற ஊர் பாரு எரிமலையின் சரிவில் இருக்கிறது. அங்கே 'எஸ்மெரால்டா' தோட்டத்தை நடத்தும் பீட்டர்சன் குடும்பத்தார், 1990-களின் பிற்பகுதியில் ஹராமில்யோ என்னும் உயரமான நிலத்தை வாங்கினார்கள். ஒரு பூஞ்சண நோய் வந்தபோது அங்கே தாக்குப்பிடித்தவை கெய்ஷா மரங்களே. அதனால் இன்னும் மேலே, 1,600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், அவற்றை நட்டார்கள். பிறகு ஒவ்வொரு பகுதியின் கொட்டையையும் தனித்தனியாக வறுத்துச் சுவைத்தார்கள். மேட்டு நிலத்துக் கெய்ஷாவில் மல்லிகை மணம், எலுமிச்சை வகைப் புளிப்பு, தேநீர் போன்ற மென்மை! 2004-இல் பனாமாவின் சிறந்த காப்பிக்கான போட்டியில் அது முதலிடம் பெற்றது. ஏலத்தில் ஒரு பவுண்டு 21 டாலருக்குப் போனது. அப்போது சாதாரணக் காப்பியின் சந்தை விலை ஒரு டாலரை ஒட்டித்தான்.

உயரம் என்ன செய்கிறது? மலையில் இரவு குளிரும். பழம் மெதுவாகப் பழுக்கும். நீண்ட நாள் மரத்திலேயே இருப்பதால் கொட்டை இறுகி, இனிப்பும் புளிப்பும் அதில் சேருகின்றன. பொக்கேத்தேயில் மூடுபனியும் நீர் தேங்காத எரிமலை மண்ணும் கூடவே துணை நிற்கின்றன.

அதற்காக முழுப் புகழையும் மலைக்கே கொடுப்பது சரியல்ல என்பது எங்கள் எண்ணம். அதே சரிவுகளில் நின்ற கட்டுவாய் வகை மல்லிகை மணம் தரவில்லையே. மணம் கெய்ஷாவின் விதையிலேயே இருந்தது. தாழ்நிலத்தின் வெப்பம் அதை வெளியே வரவிடவில்லை. இன்று எஸ்மெரால்டா தோட்டத்தார் ஹராமில்யோ, கானியாஸ் வெர்தெஸ் என்று நிலத்தின் பெயர் சொல்லியே கெய்ஷாவைத் தனித்தனியாக விற்கிறார்கள்.