எழுதியவர் பெயரும் எடுத்தாள்பவர் கடனும்

பதினோராம் நூற்றாண்டில் லாகூரில் வாழ்ந்து அங்கேயே அடக்கமான அலீ அல்ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள், தம் ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ நூலின் தொடக்கத்திலேயே தம் பெயரைப் பதிவு செய்கின்றார்கள். அவ்வாறு செய்ததற்குக் காரணமும் கூறுகின்றார்கள். அவர்களுடைய கவிதைத் தொகுப்பை ஒருவர் இரவல் வாங்கிச் சென்றார். அதற்கு வேறு பிரதி இல்லை. வாங்கியவரோ முகப்பிலிருந்த பெயரை நீக்கிவிட்டு அதனை மக்களிடையே உலவவிட்டார். பின்னர் அவர்கள் எழுதிய ‘மின்ஹாஜுத் தீன்’ என்னும் தஸவ்வுஃப் நூலுக்கும் இதே கதி நேர்ந்தது. வேறொருவர் பெயரை அழித்துவிட்டுத் தாமே ஆசிரியர் என்று கூறிக்கொண்டார்; விவரமறிந்தோர் அதைக் கேட்டு நகைத்தனர்.

இணையத்தில் ஒருவர் உழைத்து எழுதியதை மற்றொருவர் நொடியில் படியெடுத்து, பெயரை விட்டுவிட்டுப் பரப்பும் இந்நாளில் இம்முறையீடு நமக்குப் புதிதாகத் தோன்றாது. அப்படிப் பரப்புவோரிடம் கேட்டால், ‘கல்வி அனைவருக்கும் பொது, மார்க்க அறிவை மறைப்பது பாவம்’ என்று விடை வருகின்றது. இதில் பாதி உண்மை உண்டு. நம் முன்னோர் படியெடுப்பதைத் தடுக்கவில்லை. வர்ராக் எனப்பட்ட படியெடுப்போரின் கடைகள் பக்தாதில் ஒரு தனிக் கடைத்தெருவையே உருவாக்கின. நூலாசிரியருக்குப் பங்கு தர வேண்டும் என்று எவரும் அங்கே கேட்டதில்லை.

ஆனால் பெயர் விஷயத்தில் அவர்கள் காட்டிய கண்டிப்பு வேறு. ஆசிரியரிடம் ஓதிக் கேட்டு, ‘இஜாஸா’ என்னும் அனுமதி பெற்று அறிவிப்பதே முறையாக இருந்தது. அப்படியாயின், ஆசிரியரைச் சந்திக்காமலே அவருடைய ஏடு ஒருவர் கையில் கிடைத்தால்? ஹதீஸ் கலை மேதை இப்னுஸ் ஸலாஹ் (ரஹ், மறைவு 1245) கல்வியைப் பெறும் எட்டு வழிகளை வகுத்தபோது, இதனை எட்டாவதாக வைத்தார்கள். இதற்கு ‘விஜாதா’ என்று பெயர். கண்டெடுத்தல் என்பது பொருள். கண்டெடுத்தவர், ‘இன்னாருடைய கையெழுத்தில் கண்டேன்’ என்றே சொல்ல வேண்டும். கையெழுத்து அவருடையதுதானா என்பதில் உறுதி இல்லையெனில், ‘இன்னாரிடமிருந்து எனக்கு எட்டியது’ என்பது போன்ற தளர்ந்த சொல்லையே கையாள வேண்டும். பிரதியைச் சரிபாராமல் ‘இன்னார் கூறினார்’ என்று துணிந்து எழுதுவோர் தம் காலத்தில் பெருகிவிட்டதாக அவர்கள் வருந்தியும் இருக்கின்றார்கள்.

இணையத்தில் நாம் எடுப்பதெல்லாம் விஜாதா அன்றி வேறென்ன? எழுதியவரை நாம் கண்டதில்லை. ஏடு மட்டும் கிடைத்திருக்கின்றது. பெயரைச் சொல்லுதல் எழுதியவருக்குச் சூட்டும் மாலை என்று பலர் கருதுகின்றனர். செய்தியில் பிழை நேர்ந்தால் எவரிடம் கேட்பது என்னும் பொறுப்பன்றோ அதிலுள்ளது! பெயரற்ற ஒரு ஃபத்வா பத்துக் கைகள் மாறி, இடையில் இரண்டு வரிகள் உதிர்ந்து வந்து சேரும்போது அதனைத் திருத்துவதற்கு ஆளே இராது.

இவ்விஷயத்தில் பெரியோர்களிடையேயும் பிணக்குகள் எழுந்தன. கெய்ரோவின் இமாம் சுயூத்தீ (ரஹ், 1445–1505), ‘அல்மவாஹிபுல் லதுன்னிய்யா’ ஆசிரியர் கஸ்தல்லானீ (ரஹ், 1448–1517) மீது, தம் நூல்களிலிருந்து எடுத்துவிட்டுத் தம்மைக் குறிப்பிடவில்லை என்று ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரீ (ரஹ்) முன்னிலையில் முறையிட்டதாக வரலாறு கூறுகின்றது. நம் நாட்டு அஹமதாபாத்தில் பிறந்த அப்துல் காதிர் அல்ஐதரூஸ் (ரஹ்) தம் ‘அந்நூருஸ் ஸாஃபிர்’ நூலில் இதனைப் பதிவு செய்திருக்கின்றார்கள். ‘பைஹகீயிடமிருந்து எடுத்ததாக எழுதுகிறீரே, பைஹகீயின் எந்த நூலில் கண்டீர்?’ என்பது சுயூத்தீயின் கேள்வி. விடை கிடைக்கவில்லை. தம் நூல் வழியே பைஹகீயை எடுத்திருந்தால், இடையிலுள்ள தம்மையும் சொல்லியிருக்க வேண்டும் என்பதே அவர்கள் வாதம். பின்னொரு நாள் கஸ்தல்லானீ வெறுங்காலும் திறந்த தலையுமாக நடந்து, நைல் நதித் தீவான ரவ்ழாவிலிருந்த சுயூத்தீயின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மனம் ஆறிவிட்டதாக உள்ளிருந்தே விடை வந்தது, கதவு திறக்கவில்லை.

இதே சுயூத்தீ பிறர் நூல்களைச் சற்றே மாற்றித் தம்முடையதாக்கிக் கொண்டார்கள் என்று, சமகாலத்தவரான ஸகாவீ (ரஹ்) எழுதி வைத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க நாம் யார்? இரு தரப்பாரும் இதனைக் குற்றமென்றே கருதினர்; நமக்கு வேண்டியது அதுவே.

அச்சுக்கூடம் வந்தபின் புதிய கேள்வி பிறந்தது. பெயரைப் போட்டுவிட்டு, ஆசிரியரின் அனுமதியின்றி அச்சிட்டு விற்கலாமா? பதிப்புரிமையைத் தனக்கென ஒதுக்கிக்கொள்வது கூடாது என்றார்கள் முஃப்தீ முஹம்மது ஷஃபீ (ரஹ்). அவர்களுடைய மகனார் தகீ உஸ்மானீயோ அவ்வுரிமையை ஏற்று எழுதினார்கள். தந்தையின் கருத்துக்கு மாறாக மகன் எழுதியதை எவரும் அவமரியாதையாகக் கொள்ளவில்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்க உரிமை பொருள் மதிப்புடையது, ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உரியது, அதனை மீறலாகாது என்று தீர்மானித்தது.

நம் நாட்டுச் சட்டமும் இதனையே சொல்கின்றது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதப்பட்ட ஆக்கத்திற்குப் பதிவு செய்யாமலே உரிமை உண்டு. ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பதால் அவ்வுரிமை அழிந்துவிடாது. விமர்சனத்திற்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் எடுத்தாள 52-ஆம் பிரிவு இடமளிக்கின்றது. பதிப்புரிமையை விற்றுவிட்ட ஆசிரியருக்கும், ‘இது நான் எழுதியது’ என்று கோரும் உரிமையை 57-ஆம் பிரிவு விட்டு வைத்திருக்கின்றது. ஹுஜ்வீரி (ரஹ்) கேட்டதும் அதைத்தானே! இறைவசனமும் நபிமொழியும் எவருடைய தனிச் சொத்தும் அல்ல. ஆனால் அவற்றைத் தமிழில் பெயர்த்தவரின் உழைப்பு அவருடையது. நம்மவர் பெரிதும் இடறும் இடம் இதுவே.

பெயரைச் சொல்வதற்கு மற்றொரு காரணமும் ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள் கூறுகின்றார்கள்: படிப்போர், எழுதியவருக்காக துஆச் செய்ய வேண்டும் என்பது. தம் கவிதைகளை எடுத்துச் சென்றவரையோ, ‘மின்ஹாஜுத் தீன்’ மீது தம் பெயரை அழித்தவரையோ அவர்கள் பெயர் சொல்லிக் காட்டவில்லை. முதலாமவரை அல்லாஹ் மன்னிப்பானாக என்று மட்டும் எழுதினார்கள். அந்த இரு நூல்களும் இன்று நம்மிடம் இல்லை.