சாவி யார் கையில்? தஞ்சை ராணிகளின் சொத்து வழக்கு

"நாமினி பேர் எழுதிட்டேன் சார், அப்போ எனக்கப்புறம் வீடு அவங்களுக்குத்தானே?" சங்கத்தின் உறுப்பினர் படிவத்தை நிரப்பும்போது பலரும் கேட்கும் கேள்வி இது. சொத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் வேறு, சொத்துக்கு உரியவர் வேறு. இந்த வித்தியாசத்தை வைத்து தஞ்சாவூர் அரண்மனையில் ஒரு சண்டை இரண்டு சுற்று நடந்தது. உழவன் எக்ஸ்பிரஸ் நம் படாளத்தைக் கடந்துதான் தஞ்சாவூர் போகிறது. நாமும் அந்தப் பக்கம் ஒரு நடை போய் வருவோம்.

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபர் 29 அன்று காலமானார். ஆண் வாரிசு இல்லை. பெண் மக்களும் பல ராணிகளும் இருந்தார்கள். நாட்டின் நிர்வாகம் 1799 உடன்படிக்கையிலேயே கும்பெனியிடம் போய்விட்டது. மிச்சம் இருந்தது கோட்டையும் அரண்மனையும் பட்டமும்தான். பட்டத்தை முடித்துவைத்த கும்பெனி அதோடு நிற்கவில்லை. 1856 அக்டோபரில் சிப்பாய்களோடு வந்து, மன்னரின் சொந்தச் சொத்துக்கும் சேர்த்து சீல் வைத்தது. ராஜ்யம் போனது சரி, புருஷன் விட்டுப்போன நகைநட்டும் நிலபுலனுமா போக வேண்டும்?

மூத்த ராணி காமாட்சி பாய் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். கும்பெனி ஆண்ட ஊரில், கும்பெனி மேலேயே! தீர்ப்பும் அவர் பக்கம் வந்தது. ஆனால் லண்டன் பிரிவி கவுன்சில் 1859-ல் அதைக் கவிழ்த்தது. கும்பெனிக்கு இந்தச் சொத்தில் என்ன சட்ட உரிமை என்று கண்டுபிடிப்பதே கடினம் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். இருந்தும், இது அரசு என்ற முறையில் செய்த செயல், இதை விசாரிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

1862-ல் அரசே இறங்கி வந்து சொந்தச் சொத்தைத் திருப்பித் தந்தது. மூத்த ராணி நிர்வகிக்க வேண்டும், மற்ற ராணிகளின் பராமரிப்பையும் அவரே பார்க்க வேண்டும், கடைசி ராணியும் காலமான பிறகு மன்னரின் மகளுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

இங்கேதான் இரண்டாவது சுற்று. நிர்வாகம் காமாட்சி பாய் கைக்கு வந்ததும் இளைய ராணிகளுக்கு ஜீவனாம்சம் மட்டும்தானா, பங்கு உண்டா என்ற கேள்வி எழுந்தது. ஜீஜயாம்பா பாய் வழக்குத் தொடுத்தார். கும்பெனியை எதிர்த்து வழக்காடிய காமாட்சி பாய் இப்போது பிரதிவாதி. 1868-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது: சொத்து எல்லா ராணிகளுக்கும் கூட்டாகச் சேரும், பலனை அனுபவிப்பதில் சம உரிமை, மூத்தவருக்கு நிர்வாகத்தில் மட்டும் முன்னுரிமை. அந்தக் காலத்து விதவைக்கு இருந்தது ஆயுள் வரைக்குமான அளவான உரிமைதான். 1956 வாரிசுரிமைச் சட்டம்தான் அதை முழு உரிமையாக்கியது.

நாமினி விஷயத்துக்கு வருவோம். சர்பதி தேவி வழக்கில், இறந்தவரின் எல்.ஐ.சி. பாலிசிக்கு மனைவி நாமினி. மாமியார் பங்கு கேட்டார். பணத்தை வாங்கும் கைதான் நாமினி, உரிமை வாரிசுகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாத கணவரின் சொத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. 2015 திருத்தத்துக்குப் பிறகு, நெருங்கிய குடும்பத்தார் நாமினி என்றால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கு மட்டும் விதி மாறியிருக்கிறது. ஃபிளாட்டுக்கு அது பொருந்தாது.

ஆகவே நம் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். மெயின்டனன்ஸ் பில் யாருக்கு அனுப்புவது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். வீடு யாருக்கு என்பதை உயிலில் எழுதி, அந்த உயில் எந்த பீரோவில் இருக்கிறது என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.