காய்ச்சலும் வலிப்பும்: ஓர் அச்சத்தின் வரலாறு

காய்ச்சலில் குழந்தையின் கண் செருகிக் கைகால் வெட்டி இழுக்கும்போது, காக்காய் வலிப்போ என்று பெற்றோர் பதறுவதை நாம் கண்டிருக்கிறோம். இவ்வையம் பழையது. ஏழு வயதுவரை கடுங்காய்ச்சலில் வலிப்பு வருவதுண்டு என்று ஹிப்போகிராட்டிஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூலொன்று அன்றே குறித்தது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டிலும் பலர் இதைக் காக்காய் வலிப்பின் முன்னறிவிப்பாகவே கருதினர். குழந்தைகள் பலர் ஆண்டுக்கணக்கில் பீனோபார்பிட்டால் உட்கொண்டனர்.

கேரின் நெல்சனும் ஜோனஸ் எல்லன்பர்க்கும் 1976இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இவ்வச்சத்தை அளந்து பார்த்தது. காய்ச்சல் வலிப்பு கண்ட 1,706 குழந்தைகளுள், ஏழு வயதிற்குள் காக்காய் வலிப்புக்கு ஆளானோர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவரே. முன்பே நரம்பு வளர்ச்சியில் குறையுடையோர், முதல் வலிப்பு 15 நிமிடம் கடந்தோர், ஒரே நாளில் மீண்டும் வலிப்பு கண்டோர் ஆகியோரிடம் அது மிகுதி.

1990இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், பீனோபார்பிட்டால் பெற்ற குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பு, வெற்று மாத்திரை பெற்றோரைவிடச் சராசரியாக 8.4 புள்ளிகள் குறைந்திருந்தது. வலிப்போ குறையவில்லை.

நோய்க்கன்று, நோயின் பெயருக்கு அஞ்சியே அம்மருந்தைப் புகட்டியிருக்கிறோம். வலிப்பு கண்ட குழந்தையை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். அதன் எதிர்காலத்தை அந்த ஒரு மாலையில் எழுதிவிட வேண்டியதில்லை.