இந்தத் துப்பாக்கியைச் செய்தவர் யார்?

அமெரிக்க அருங்காட்சியகங்களில் நீண்டு மெலிந்த ஒருவகைப் பழந்துப்பாக்கியைக் காணலாம். அதன் குழல் மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல் நீளம். 'கெண்டக்கி ரைபிள்' என்பது அதன் பெயர். ஆனால் அது பிறந்த இடம் கெண்டக்கி அன்று, பென்சில்வேனியா. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் அங்குக் குடியேறிய கம்மியர்கள், தம் நாட்டின் குட்டையான வேட்டைத் துப்பாக்கியைப் புதிய நாட்டின் காடுகளுக்கேற்ப மாற்றியமைத்தனர். அவற்றைச் சிறு பட்டறைகளில் கையால் செய்தனர். பலவற்றில் செய்தவர் பெயரே கிடையாது. அப்படியானால், ஒரு துப்பாக்கி யாருடைய கைவேலை என்று எப்படிக் கண்டறிவது?

முதலில் அது இயங்கும் முறையைப் பார்ப்போம். விசையை இழுத்ததும், சுத்தியல் போன்ற உறுப்பின் வாயில் பொருத்திய சக்கிமுக்கிக் கல் ஓர் எஃகுத் தகட்டின்மீது மோதி உரசும். தகட்டிலிருந்து சுரண்டப்படும் எஃகுத் துகள்கள் சூடேறிப் பொறிகளாகச் சிதறும். அவை கீழே உள்ள கிண்ணத்தில் விழுந்து சிறிதளவு மருந்தைக் கொளுத்தும். அத்தீ, குழலின் பக்கத்துளை வழியே உள்ளே பாய்ந்து முதன்மை மருந்தை வெடிக்கச் செய்யும்.

குழலின் உட்புறத்தில் திருகு போல வளைந்து செல்லும் வரிப்பள்ளங்கள் உண்டு. அவை குண்டைச் சுழலச் செய்கின்றன. 120 செ.மீ. நீளத்திற்கு ஒரு சுற்று என்றும், குண்டின் வேகம் வினாடிக்கு 480 மீட்டர் என்றும் கொள்வோம். அப்போது குண்டு வினாடிக்கு 400 முறை சுழலும். இச்சுழற்சியால் குண்டு பாதை விலகாமல் செல்கிறது. இதனை ஆராய்ந்து 1747இல் கட்டுரை வாசித்த ஆங்கிலேயர் பெஞ்சமின் ராபின்ஸ், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக நம் நாட்டிற்கு வந்தார். 1751இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். விசைப்பொறியின் தகட்டில் ஒரு பெயர் இருந்தால், 'ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்று நீங்கள் மகிழக்கூடும். பொறுங்கள்! இப்பொறிகளில் பல இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து இறக்குமதியானவை. 'கெட்லண்ட்' என்ற பெயர் பல அமெரிக்கத் துப்பாக்கிகளில் காணப்படுகிறது. அது பொறியை அளித்த நிறுவனத்தின் பெயர். துப்பாக்கியை உருவாக்கியவர் பெயர் அன்று. குழலையும்கூடச் சில கம்மியர்கள் வெளியே வாங்கினர்.

குழலின் மேல்முகத்தில் பொறித்த கையெழுத்தே கூடுதல் நம்பிக்கைக்கு உரியது. லங்காஸ்டரில் வாழ்ந்த ஜேக்கப் டிக்கர்ட் (1740–1822) போன்றோர் அங்கே தம் பெயரைப் பொறித்தனர். வெறும் முதலெழுத்துகள் மட்டும் இருந்தால், அவ்வூரின் பழைய வரிப்பட்டியல்களையும் உயில்களையும் புரட்டி, அவ்வெழுத்துகளுக்குப் பொருந்தும் கம்மியரைத் தேட வேண்டும்.

எழுத்தே இல்லையென்றால்? மரக்கட்டைதான் சாட்சி. அது பெரும்பாலும் அலையலையான வரிகள் கொண்ட மேப்பிள் மரம். அடிக்கட்டையின் வளைவு, செதுக்கு வேலை, எண்ணெய்த் துணித்துண்டுகளை வைக்கும் பித்தளைப் பெட்டியின் வடிவம் ஆகியவை வட்டாரத்திற்கு வட்டாரம் மாறுபடும். பெட்டியின் தலைப்பில் பூ வடிவம் இருந்தால் லங்காஸ்டரை நினைக்கலாம். அடிக்கட்டை மெல்ல வளைந்து இறங்கினால் லீஹை பள்ளத்தாக்கை நினைக்கலாம். பெயர் பொறித்த துப்பாக்கிகளைப் பெயரற்றவற்றோடு ஒப்பிட்டே இத்தகைய முடிவுகளுக்கு வருகின்றனர். ஆனால் மாணாக்கன் ஆசானின் பாணியையே பின்பற்றுவான். ஆகவே ஒற்றுமை பட்டறையைக் காட்டுமே தவிர, ஆளை உறுதியாகக் காட்டாது.

மோசடியும் உண்டு. புகழ்பெற்ற பெயர் இருந்தால் விலை பன்மடங்கு உயரும் அல்லவா? பொய்க் கையெழுத்தை எப்படிப் பிடிப்பது? உருப்பெருக்கியால் பாருங்கள். துருக்குழி எழுத்தின் கோட்டை அரித்திருந்தால் எழுத்து முந்தியது. எழுத்தின் கோடு துருக்குழிக்குள்ளும் இறங்கிச் சென்றால் குழி முந்தியது, எழுத்து பிற்காலத்தது.

மற்றொரு சிக்கலும் உண்டு. 1820களுக்குப் பின் சிறு வெடிமூடிகள் பரவியபோது, பலர் சக்கிமுக்கிப் பொறியை நீக்கிப் புதுமுறைக்கு மாற்றிக்கொண்டனர். பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் சிலவற்றை மீண்டும் பழைய முறைக்கே மாற்றினர். மரத்தில் குடைந்த பள்ளத்தில் பொறி இடைவெளியின்றிப் பொருந்துகிறதா, தகட்டில் அடைக்கப்பட்ட திருகுத் துளைகள் உள்ளனவா, பக்கத்துளையைச் சுற்றி நெருப்பு அரித்த தடம் உண்டா என்று நோக்கினால் உண்மை வெளிப்படும். தேய்ந்த குழலைக் குடைந்து வரிப்பள்ளங்களைப் புதுப்பிப்பதும் அக்கால வழக்கமே. எனவே குழலின் உள்விட்டத்தை மட்டும் நம்பி முடிவு கூற இயலாது.

ஆகவே, அறிஞர் தம் முடிவை மூன்று படிகளில் கூறுவது முறை: 'இவர் கையெழுத்திட்டது', 'இவருடையதாகக் கருதப்படுவது', 'இந்த வட்டாரப் பாணியைச் சேர்ந்தது'. சான்று எந்தப் படிவரை செல்கிறதோ, அதற்கு மேல் ஒரு படிகூட ஏறக்கூடாது. அவசரப்பட்டுப் பெரிய பெயர் ஒன்றைச் சூட்டினால், வாங்குபவர் மட்டும் ஏமாறுவதில்லை. உண்மையில் அதைச் செதுக்கிய பெயர் தெரியாத கைவினைஞர் இரண்டாம் முறையும் மறக்கப்படுகிறார். 'லங்காஸ்டர் பாணி, செய்தவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதி வைத்தால், நாளை கிடைக்கும் ஒரு பழைய ஆவணம் அவருக்கு அவருடைய பெயரைத் திருப்பித் தரக்கூடும்.