வெளிநாட்டில் பாதியில் நின்ற பட்டப்படிப்பு: ஈட்டிய கிரெடிட்டுகளை இந்தியப் பல்கலைக்கழகம் ஏற்குமா?

ஹைதராபாத்: பேகம்பேட்டில் உள்ள பைகா மாளிகை 2008 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை அமெரிக்கத் துணைத் தூதரகமாக இயங்கியது. தெலங்கானா, ஆந்திரப் பிரதேசம், ஒடிசா மாநிலங்களைச் சேர்ந்த மாணவர்கள் பலரின் வெளிநாட்டுக் கல்விப் பயணம் அங்குதான் தொடங்கியது. துணைத் தூதரகம் பின்னர் நானக்ராம்குடாவுக்கு இடம் மாறியது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்ததாக ஓபன் டோர்ஸ் அறிக்கை தெரிவிக்கிறது.

வெளிநாடு செல்வதற்கான நடைமுறைகளைப் பெற்றோரும் மாணவர்களும் நன்கு அறிந்துள்ளனர். நோய், பணமுடை, விசா சிக்கல், போர் போன்ற காரணங்களால் பட்டம் பெறுமுன்பே திரும்ப நேர்ந்தால் என்ன செய்வது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஈராண்டு உழைப்பும் குடும்பத்தின் சேமிப்பும் வீணாகாமல் இருக்க, அங்கு ஈட்டிய கிரெடிட்டுகளை இங்குள்ள பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான விதிகளும் வரம்புகளும் வருமாறு:

இணைத்தன்மை வேறு, கிரெடிட் மாற்றம் வேறு

இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பலருக்கும் நேரும் முதல் தவறு. முழுமையாக முடித்த வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு நிகரானது என்று அறிவிப்பது இணைத்தன்மைச் சான்றிதழ். 1925-ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் இச்சான்றிதழை நீண்டகாலமாக வழங்கி வந்தது. இதற்கென யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் தனி விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி, இணையவழியில் பெறப்படும் விண்ணப்பத்தை நிலைக்குழு ஆராய்ந்து 10 வேலை நாள்களுக்குள் பரிந்துரை அளிக்க வேண்டும். பட்டம் வழங்கிய நிறுவனம் அந்நாட்டில் முறையாக அங்கீகரிக்கப்பட்டதா, சேர்க்கைக்கான தகுதி இந்தியாவில் உள்ளதற்கு ஒப்பானதா என்பன முக்கியமாகப் பார்க்கப்படும். மருத்துவம், மருந்தியல், செவிலியர் கல்வி, சட்டம், கட்டடக்கலை ஆகியவை இவ்விதிகளுக்குள் வருவதில்லை. அவற்றை அந்தந்தத் துறையின் சட்டபூர்வ கவுன்சில்களே முடிவு செய்கின்றன.

பாதியில் நின்ற படிப்புக்குப் பட்டம் இல்லாததால் இணைத்தன்மை என்ற கேள்வியே எழாது. அம்மாணவரின் கிரெடிட்டுகளை ஏற்பதா, எத்தனையை ஏற்பது, எந்தப் பருவத்தில் சேர்ப்பது என்பதை அவர் சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவே தீர்மானிக்கும். பிரிட்டனுடன் 2022 ஜூலையிலும் ஆஸ்திரேலியாவுடன் 2023 மார்ச்சிலும் இந்தியா செய்துகொண்ட கல்வித் தகுதி ஒப்பந்தங்கள் இருக்கின்றனவே எனச் சிலர் கேட்கக்கூடும். அவை முதன்மையாக முடித்த தகுதிகளைப் பரஸ்பரம் அங்கீகரிப்பதற்கானவை. பாதிப் படிப்பைத் தொடரும் உரிமையை அவற்றைக் காட்டிக் கோர இயலாது.

ஒரு கிரெடிட் என்பது எவ்வளவு?

நாட்டுக்கு நாடு கிரெடிட்டின் அளவு மாறுபடுகிறது. இந்தியாவின் தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட் ஆகும். ஓராண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட் என்பது அதன் கணக்கு. நான்காண்டு இளநிலைப் படிப்புக்கு 160 கிரெடிட் தேவை. அமெரிக்காவில் நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 பருவ கிரெடிட், அதாவது ஆண்டுக்கு 30. ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60, பிரிட்டனில் 120.

அமெரிக்காவில் ஈராண்டு படித்து 60 கிரெடிட் பெற்ற மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆண்டு என்று கணக்கிட்டால் அவை 80 இந்திய கிரெடிட்டுக்குச் சமம். அமெரிக்காவில் ஒரு பருவ கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேரத் தனிப்படிப்புமாக ஏறத்தாழ 15 வாரங்கள், அதாவது 45 மணி நேரம். எனவே மணிக்கணக்கில் பார்த்தால் அதே 60 கிரெடிட் 90 ஆகிவிடுகிறது. எண்களை அப்படியே ஒப்பிட்டால் 60 மட்டுமே. மூன்று கணக்கிலும் மூன்று விடைகள் கிடைப்பதால், எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது அவசியம்.

எண்ணிக்கை பொருந்தினாலும் பாடம் பொருந்த வேண்டும். அமெரிக்க இளநிலைப் படிப்பின் முதல் ஈராண்டுகளில் மொழி, வரலாறு, சமூக அறிவியல் எனப் பொதுப் பாடங்களுக்குக் கணிசமான இடம் உண்டு. இந்தியப் பொறியியல் படிப்பிலோ அதே காலத்தில் துறைப் பாடங்கள் தொடங்கிவிடுகின்றன. ஆகவே ஈராண்டு முடித்தவர் மூன்றாம் ஆண்டில் சேர முடியாமல், விடுபட்ட பாடங்களை எழுதவோ ஓராண்டு பின்தங்கவோ நேரிடலாம்.

கிரெடிட் வங்கி உதவுமா?

கல்விசார் கிரெடிட் வங்கி 2021 ஜூலையில் தொடங்கப்பட்டது. மாணவர் ஈட்டும் கிரெடிட்டுகள் அதில் பொதுவாக ஏழு ஆண்டுகள் வரை செல்லுபடியாகும். ஆனால் மாணவர் தாமே சான்றிதழைக் கொடுத்து அதில் கிரெடிட்டைச் சேர்க்க இயலாது. பதிவு பெற்ற கல்வி நிறுவனம்தான் வரவு வைக்க வேண்டும். பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டுகளை ஈட்ட வேண்டும் என்றும் 2021 விதிகள் கூறுகின்றன. எனவே, வெளிநாட்டில் பெரும்பகுதியை முடித்துவிட்டு இறுதிப் பருவத்தை மட்டும் இங்கு எழுதிப் பட்டம் பெறலாம் என்று எதிர்பார்ப்பது சரியாகாது.

முன்கூட்டிய ஒப்பந்தமே பாதுகாப்பு

வெளிநாட்டு கிரெடிட்டுக்கு உறுதியான இடம் அளிப்பது யுஜிசியின் 2022 மே மாத விதிமுறைகள். இரட்டையர் திட்டத்தில் இந்தியப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கும். வெளிநாட்டில் ஈட்டும் கிரெடிட் மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூட்டுப் பட்டத்தில் இரு நிறுவனங்களிலும் தலா 30 சதவீதமாவது படிக்க வேண்டும். இரட்டைப் பட்டத்தில் இந்திய நிறுவனத்தின் பங்கு குறைந்தது 30 சதவீதம். இத்திட்டங்களில் கிரெடிட் மாற்றம் மாணவரின் வேண்டுகோளைப் பொறுத்தது அன்று. இரு நிறுவனங்களும் சேர்க்கைக்கு முன்பே செய்துகொண்ட உடன்படிக்கையைச் சார்ந்தது.

இதே நெறி எதிர்த்திசையிலும் ஹைதராபாத்திலேயே நடைமுறையில் உள்ளது. கச்சிபவுலியில் உள்ள ஹைதராபாத் பல்கலைக்கழகம் 1998 முதல் நடத்தும் ‘ஸ்டடி இன் இந்தியா’ திட்டத்தில் அயல்நாட்டு மாணவர்கள் ஓரிரு பருவங்கள் படித்து, அந்த கிரெடிட்டுகளைத் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்கின்றனர்.

மருத்துவப் படிப்புக்கு வழியில்லை

உடன்படிக்கையோ சட்ட இடமோ இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை 2022-இல் உக்ரைனிலிருந்து திரும்பிய மருத்துவ மாணவர்களின் நிலை காட்டியது. இந்தியக் கல்லூரிகளில் தங்களைச் சேர்க்குமாறு அவர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினர். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியிலிருந்து இந்தியக் கல்லூரிக்கு மாற 1956-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்திலும் 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலும் இடமில்லை என மத்திய அரசு பதிலளித்தது. பிற நாடுகளின் பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தொடர்ந்து உக்ரைன் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெறும் திட்டத்துக்கு மட்டும் தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் ஆட்சேபமின்மை தெரிவித்தது. இறுதியாண்டு மாணவர்கள் இந்தியக் கல்லூரியில் சேராமலேயே எம்பிபிஎஸ் இறுதித் தேர்வுகளை இரண்டு முயற்சிகளுக்குள் எழுத 2023 மார்ச்சில் வழி பிறந்தது. அது அவர்களுக்கு மட்டுமேயான சலுகை. வெளிநாட்டு மருத்துவப் படிப்பு முழுவதையும் ஒரே நிறுவனத்தில் முடிக்க வேண்டும் என்பதே ஆணையத்தின் 2021 விதி.

திரும்புமுன் கையில் இருக்க வேண்டியவை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தை விட்டு வெளியேறுமுன் சில ஆவணங்களைப் பெற்றுவிட வேண்டும். அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்ட் முதலாவது. இதை அங்குள்ள பல்கலைக்கழகமே மூடிய உறையிலோ பாதுகாப்பான மின்னணு வழியிலோ நேரடியாக அனுப்ப வேண்டும் என்று கேட்கப்படலாம். கட்டண நிலுவை இருந்தால் இதை வழங்க மறுக்கும் நிறுவனங்களும் உண்டு என்பதால், நிலுவையைத் தீர்ப்பது முதல் வேலை.

ஒவ்வொரு பாடத்துக்கும் அந்தந்தப் பருவத்தில் வழங்கப்பட்ட பாடத்திட்டம் இரண்டாவது. வாராந்திரத் தலைப்புகள், பாடநூல்கள், வகுப்பு நேரம், ஆய்வக நேரம், மதிப்பீட்டு முறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். பாடத்தின் பெயரை மட்டும் கொண்டு எந்தக் குழுவும் முடிவெடுக்க இயலாது. மதிப்பெண் தர அளவுகோலின் விளக்கம், நிறுவனத்தின் அங்கீகாரச் சான்று, மாற்றுச் சான்றிதழுக்கு ஈடான கடிதம் ஆகியவையும் தேவைப்படலாம். ஆவணம் வழங்கிய நாடு அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருந்தால், அந்நாட்டிலேயே அப்போஸ்டில் முத்திரை பெறுவது எளிது. இந்தியா 2005 முதல் அவ்வுடன்படிக்கையில் உள்ளது.

இங்கு வந்ததும், சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்திலும் துறைத் தலைவரிடமும் நான்கு கேள்விகளுக்கு எழுத்துமூலம் விடை பெற வேண்டும். இடையில் சேர்வதற்குக் காலியிடம் உள்ளதா? எந்தெந்தப் பாடங்களுக்கு விலக்கு கிடைக்கும்? வெளிநாட்டு மதிப்பெண்கள் இறுதிச் சராசரியில் சேருமா, கிரெடிட் மட்டும் சேருமா? பட்டம் பெற இங்கு குறைந்தது எத்தனை பருவங்கள் படிக்க வேண்டும்?

இந்த விடைகள் கைக்கு வருமுன் சேர்க்கைக் கட்டணம் செலுத்துவதைத் தவிர்க்க வேண்டும். கிரெடிட் மாற்றத்துக்கு உறுதி தருவதாக இடைத்தரகரோ ஆலோசனை மையமோ கூறினாலும், பல்கலைக்கழகத்தின் கடிதம் ஒன்றே செல்லுபடியாகும். வெளிநாடு செல்லத் தயாராகும் மாணவர்களும் இதே கேள்விகளை அங்கு சேருமுன் இரு தரப்பிடமும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.